இருவருக்கு ஒரு படகு: தெற்குப் பிரெத்தாஞ் கடலோரச் சிறுதுறைகளில் ஒரு வார வாடகைப் பயணம் – மதிப்புரை

பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள பிரெத்தாஞ் (ஆங்கிலத்தில் பிரிட்டனி) பகுதியில், கிபெரோன் விரிகுடாவைச் சுற்றியுள்ள துறைமுகங்களில், மாலுமி இல்லாமல் பாய்மரப் படகை வார வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல உள்ளன. லா திரினித்தே சுர் மேர் என்னும் ஊரில் அத்தகைய நிறுவனம் ஒன்றிடம் ஜூன் மாதத்தில் ஒன்பது மீட்டர் நீளமுள்ள படகை எடுத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் விரிகுடாவின் சிறுதுறைகளில் தங்கித் தங்கிச் சென்று திரும்பினோம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு சிறியதாகவும் நாளொன்றுக்கான தூரம் குறைவாகவும் இருந்தால், இருவருக்கு இந்தச் சேவை கொடுத்த பணத்துக்கு முழுமையாகத் தகும். வரைபடத்தில் உள்ள தீவுகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் தொட்டுவிட வேண்டும் என்று கிளம்பினால், அதே பணம் களைப்பையும் மனத்தாங்கலையும் மட்டுமே தரும். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. அக்கரையில் தொழில் செய்யும் நிறுவனங்களின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே என்பதாலும், குறைகளாக நான் சொல்லப்போகிறவை ஒரே வாடகைப் பயணத்தில் கண்டவை என்பதாலும், எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை எழுதுவதே பயனுள்ளது.

முதலில் எழும் ஐயம் உரிமத்தைப் பற்றியது. பிரான்சில் விசைப்படகு ஓட்டுவதற்கு, எந்திரத்தின் ஆற்றல் 6 குதிரைத்திறனைத் தாண்டினால் அரசு உரிமம் வேண்டும். பாய்மரப் படகுக்கு, அதில் துணை எந்திரம் இருந்தாலும், அத்தகைய உரிமம் தேவையில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் படகை எடுத்துச் செல்லலாம் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தெந்தக் கடலில், எவ்வளவு நீளப் படகில், தலைவராகவா துணையாகவா பயணம் செய்தீர்கள் என்று விவரமாக எழுதித் தரும்படி நிறுவனம் கேட்கிறது. எழுதியதில் நிறைவு இல்லையென்றால் முதல் நாளுக்கோ முழு வாரத்துக்கோ சம்பளத்துக்கு ஒரு படகோட்டியை அமர்த்திக்கொள்ளச் சொல்கிறது. இது பணம் பிடுங்கும் வழி என்று இணையத்தில் சிலர் குறைபட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் அவ்வாறு கருதவில்லை. ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம், மிகுந்த கடலில் பழகாதவர், மத்தியதரைக் கடலில் எத்தனை வாரம் ஓட்டியிருந்தாலும், இங்கே முதல் நாள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது வீண்செலவு ஆகாது. அடிப்படையிலிருந்து கற்க விரும்புவோருக்கு 1947இல் தொடங்கப்பட்ட லெ கிளெனான் பாய்மரப் பள்ளி இதே பிரெத்தாஞ் கரையில் இன்றும் நடந்துவருகிறது.

அடுத்தது படகின் அளவு. முன்பதிவு செய்தபோது, ஜூன் மாதத் தள்ளுபடியில் பதினொரு மீட்டர் படகை ஏறத்தாழ அதே விலைக்குத் தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். மறுத்ததற்குக் காரணம் உண்டு. இப்பகுதியின் தீவுத் துறைகளில் மிதக்கும் நடைமேடைகள் குறைவு. பல இடங்களில் படகின் அணியத்தை (முன்முனையை) ஒரு மிதவையிலும் அமரத்தை (பின்முனையை) மற்றொரு மிதவையிலும் கட்டி, இரு பக்கமும் அந்நியர் படகுகள் உரசிக்கொண்டு நிற்க, நடுவில் அடங்கிக்கொள்ள வேண்டும். குறுக்குக் காற்று அடிக்கும்போது ஒருவர் சுக்கானில் நிற்க, மற்றவர் கொக்கிக் கழியுடன் முன்னும் பின்னும் ஓடவேண்டிய வேலை அது. ஒன்பது மீட்டர் படகைக் கையால் தள்ளி நிறுத்த முடியும். பதினொரு மீட்டர் படகு நாம் தள்ளுவதைப் பொருட்படுத்தாது. முன்பாய் சுருளில் சுற்றிக்கொள்ளும் அமைப்பும், பெரும்பாயை இறக்கும்போது தானாக மடிந்து விழத் துணைக்கயிறுகளும் இருந்தால் இருவர் போதும். இவற்றுடன், படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் அடிக்கட்டையை மேலே தூக்கிக்கொள்ளும் வகைப் படகு கிடைத்தால் இன்னும் நல்லது. நீர் வற்றிய பிறகு தரைதட்டி நிற்கும் உள்துறைகளிலும் அதைக் கொண்டுபோய் நிறுத்தலாம். எங்களுக்கு அவ்வகைப் படகு கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை படகைக் கையளிக்கும் ஒன்றரை மணி நேரம்தான் இச்சேவையின் தரத்தை அளக்கும் உண்மையான உரைகல். எங்களுக்குப் படகைக் காட்டிய இளைஞர் பொறுமையானவர். அடுப்புக்கான பியூட்டேன் உருளையின் திருகு எங்கே, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் எத்தனை, கழிப்பறையின் கைப்பம்பை எந்தப் பக்கம் சாய்த்து எத்தனை முறை இழுக்க வேண்டும், நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மின்விசை நின்றுபோனால் அதன் சுவிட்ச் எந்த மெத்தைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு எங்களைத் தொட்டுக் காட்டச் சொன்னார். பாய்களைத் துறையிலேயே ஒருமுறை விரித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். ஆனால் கரைக்குப் போய்வருவதற்கான ரப்பர்ப் படகின் சிறு எந்திரம் அவர் முன்னிலையிலேயே ஐந்தாறு முறை இழுத்த பிறகுதான் உறுமியது. சூடானால் சரியாகிவிடும் என்றார். வாரம் முழுவதும் அது சூடாகவே இல்லை. பெரும்பாலான இடங்களில் துடுப்புப் போட்டுத்தான் கரையேறினோம். படகில் மின்வரைபடக் கருவி நன்றாக வேலை செய்தது. அச்சிட்ட கடல்வரைபடங்களும் இருந்தன. ஆனால் அலமாரியில் இருந்த ஓத அட்டவணைப் புத்தகம் முந்தைய ஆண்டுக்கு உரியது. துறைக்கு எதிரே உள்ள கடையில் புதியதைச் சில யூரோவுக்கு வாங்கிக்கொண்டோம். விலை அற்பம்தான். ஆனால் இந்தக் கடலில் மறக்கக் கூடாத ஒரே புத்தகம் அதுதான் என்னும்போது, அதை நிறுவனம் மறந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். சென்னை, புதுச்சேரிக் கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரு ஓத நாளிலும் ஒரு மீட்டர் அளவிலேயே மாறுகிறது. நம் மீனவர் அதைக் கணக்கில் கொண்டாலும், கரையில் நிற்பவர் கவனிப்பதே இல்லை. தெற்குப் பிரெத்தாஞில் பெரு ஓதத்தின்போது அம்மாற்றம் 5 மீட்டரை நெருங்கும். ஒவ்வொரு நாளின் ஓதத்துக்கும் பிரெஞ்சுக்காரர் 20 முதல் 120 வரை ஒரு கெழு எண்ணைக் கொடுக்கிறார்கள்; பிரெஸ்த் துறைமுகத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படும் அந்த எண்ணைத் துறை அலுவலகத்தின் பலகையிலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் காணலாம். எண் 45 என்றால் சோம்பலான நாள். 100ஐத் தாண்டினால் கடல் எங்கிருந்தோ வந்து எங்கோ போய்விடும் நாள். நீர் ஒரே சீராக ஏறுவதும் இல்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் ஒரு மணியில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு, நடுவில் உள்ள இரண்டு மணிகளிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்று ஏறும். நங்கூரம் போடும்போது எவ்வளவு சங்கிலி விடுவது, விடியற்காலையில் அடிக்கட்டைக்குக் கீழே எத்தனை கை ஆழம் மிஞ்சும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் தெரியும். எனவே அங்கே காலை உணவு எப்போது, கிளம்புவது எப்போது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. விடுமுறைக்கு வந்தும் நேரக் கட்டுப்பாடா என்று எண்ணுவோர் இருக்கலாம்; எங்களுக்கு அதுவே பெரிய விடுதலையாக இருந்தது, ஏனெனில் நீர் திரும்பும் வரை செய்வதற்கு எதுவும் இல்லை என்பதில் இருவருக்கும் வாதமே எழவில்லை.

லா திரினித்தே ஊர் கிராக் ஆற்றின் முகத்தில் இருக்கிறது. மாக்கடல் பந்தயப் படகுகளுக்குப் பெயர்பெற்ற துறை அது. மூன்று உடல் கொண்ட அசுரப் படகுகள் கட்டப்பட்டிருக்கும் வரிசையைக் கடந்து நம் சிறுபடகில் வெளியேறுவதே ஒரு வேடிக்கை. ஆற்றின் இருகரையிலும் சிப்பிப் பண்ணைகள் உள்ளன. வண்டி வசதி இருந்தால் கிளம்புவதற்கு முன் கார்னாக் சென்று, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நெடுங்கற்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்துவிடலாம். 2025இல் அவை மொர்பியான் கரையின் பிற பெருங்கற்சின்னங்களுடன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. துறையைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை. பெரிய துறை, நல்ல குளியலறைகள், மாலையில் இரைச்சல்.

விரிகுடாவின் மேற்குப் பக்கத்தைக் கிபெரோன் தீவக்குறை மறைத்து நிற்பதால், மேலைக்காற்று வலுவாக வீசினாலும் உள்ளே பெரிய அலை எழுவதில்லை. இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு இப்பகுதியைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். தீவக்குறையின் முனைக்கு அப்பால் பாறைகள் தொடராக நீண்டு ஹுவாத் தீவு வரை செல்கின்றன. அவற்றினூடே தெஞூஸ் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கால்வாய் வழியாகத்தான் பெல்-ஈல் தீவுக்குச் செல்ல வேண்டும். பச்சை, சிவப்பு மிதவைகளும், திசை காட்டும் கறுப்பு மஞ்சள் மிதவைகளும் தெளிவாக உள்ளன. இந்தியத் துறைமுகங்களில் உள்ள அதே முறைதான், துறைக்குள் நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். லா திரினித்தேயிலிருந்து பெல்-ஈல் தீவின் லெ பலே துறைக்கு ஏறத்தாழ 15 கடல் மைல். நடுத்தரக் காற்றில் நான்கு மணி நேரத்துக்குள் முடியும் தூரம். எங்கள் பயணத்தில் இதுவே நீளமான ஓட்டங்களில் ஒன்று.

லெ பலே ஊரைத் துறையின் மேலேயே எழும்பி நிற்கும் கோட்டை ஆள்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் படைப் பொறியாளர் வோபான் அதை வலுப்படுத்தினார். புதுச்சேரியை அறிந்த தமிழருக்கு இந்தக் கோட்டை தனியான ஆர்வத்தைத் தரும். 1759 நவம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை இதே கிபெரோன் விரிகுடாவில் ஆங்கிலேயரிடம் தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும், அதே ஆண்டு ஜூனில் பெல்-ஈல் தீவும் ஆங்கிலேயர் கையில் விழுந்தன. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை இரண்டையும் பிரான்சுக்கே திருப்பித் தந்தது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது எங்கோ தொலைவில் உள்ள நாடாகத் தோன்றும் பிரான்சு, ஒரே போரின் ஒரே கணக்கில் இந்தத் தீவையும் அந்த நகரையும் வைத்து எழுதியிருக்கிறது என்பது கோட்டைச் சுவர்மேல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. துறையைப் பொறுத்தவரை லெ பலே அமைதியான இடம் இல்லை. கிபெரோனிலிருந்து வரும் பயணிகள் கப்பல் ஒவ்வொன்றும் வெளித்துறையில் நிற்கும் படகுகளை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் செல்கிறது. உள்ளே உள்ள குளம் போன்ற துறைக்குள் போகவேண்டுமென்றால் உயர் ஓதத்தையொட்டி மதகு திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். துறைப் பணியாளர்கள் ரப்பர்ப் படகில் வந்து நம் கயிற்றை வாங்கிக் கட்டித் தருகிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ மூன்று கடல் மைல் தொலைவில் உள்ள சோசோன், என் கணிப்பில் இந்தக் கரையின் சிறந்த சிறுதுறை. உள்நாட்டுக்குள் வளைந்து செல்லும் ஒடுக்கமான கழிமுகம். ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் பூசிய வீடுகள், மறுபக்கம் வெறும் பசும்சரிவு. நீர் வற்றியதும் உள்துறை முழுவதும் சேறாகி, அங்குள்ள படகுகள் முட்டுக்கால் ஊன்றிய நிலையில் வரிசையாக நிற்கின்றன. நம்மைப் போல ஆழமான அடிக்கட்டை உள்ள படகுகள் வெளியே மிதவைகளில் கட்டிக்கொள்ள வேண்டும். மாலையில் துறை அலுவலர் துடுப்பு வேகத்தில் வந்து, படகின் நீளத்தைக் கேட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, மறுநாள் வானிலையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். கூடவே, வடக்குக் காற்று திரும்பினால் இங்கே இருக்காதீர்கள் என்று ஒரு வாக்கியம். மறுநாள் காலை கரையோர நடைபாதையில் புலேன் முனை வரை நடந்தோம். நடிகை சாரா பெர்னார் 1894இல் கண்டு வாங்கித் தன் கோடைவீடாக மாற்றிக்கொண்ட சிறுகோட்டை அம்முனையில் இருக்கிறது. தீவின் மறுபுறத்தில், 1886இல் ஓவியர் மோனே வந்து தங்கி வரைந்த போர் கோத்தோன் பாறைகளுக்குச் செல்ல மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. நாங்கள் போகவில்லை, அன்று கிளம்பியிருக்க வேண்டிய படகும் கிளம்பவில்லை. "இன்னொரு இரவு இங்கேயே இருப்போமே" என்று என் மனைவி சொன்னதும் அடுத்த துறை திட்டத்திலிருந்து கழன்றது. திட்டத்தில் இரண்டு நாள்களை இவ்வாறு வெறுமையாக விட்டுவைப்பதே இப்பயணத்தின் சூட்சுமம்.

ஹுவாத் தீவைப் பற்றிப் பயண விளம்பரங்கள் சொல்வதெல்லாம் உண்மை, ஆனால் ஒன்றைச் சொல்வதில்லை. தீவின் கிழக்குப் பக்கத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு வளைந்து கிடக்கும் திரேயாக் எர் கூரே மணற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டால், தெளிந்த நீரில் ஐந்து மீட்டர் ஆழத்தில் சங்கிலி மணலில் புரள்வது தெரியும். வெளியூர்க்காரர் கார் கொண்டுவர முடியாத தீவில் இரைச்சல் என்பதே இல்லை. விளம்பரங்கள் சொல்லாதது இரவுக் காற்று. நல்ல வெயில் அடிக்கும் உயர் அழுத்த நாள்களில், பகலில் மேற்கிலிருந்து மெல்ல வீசிய கடற்காற்று மாலையில் ஓய்ந்து, நள்ளிரவை ஒட்டி நிலத்திலிருந்து வடகிழக்குக் காற்றாகத் திரும்பி எழுந்து, விடியும் வரை வலுவாக வீசும். உள்ளூரார் அதைச் சூரியக் காற்று என்கிறார்கள். பகலில் நிலம் சூடேறியதன் விளைவு அது. பகலில் கண்ணாடி போல் இருந்த அந்த மணற்கரை அப்போது காற்றுக்கு நேர் எதிரே திறந்து கிடக்கும். நாங்கள் சென்ற நாளில், எங்களுக்கு அருகே நின்ற படகிலிருந்த முதிய பிரெஞ்சுத் தம்பதி, வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே இரவு உணவுக்கு முன் நங்கூரத்தைத் தூக்கித் தீவின் மறுபக்கத்துக்குச் சென்றார்கள், நாங்களும் பின்தொடர்ந்தோம். நள்ளிரவுக்குப் பின் பாய்மரத்தில் கயிறுகள் அடித்துக்கொள்ளும் ஓசையில் விழித்து வெளியே பார்த்தபோது, கிழக்குப் பக்கத்திலிருந்து நான்கைந்து படகுகள் விளக்கெரிய ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறி வந்துகொண்டிருந்தன. படகைக் கையளிக்கும்போது நிறுவனம் தரும் குறிப்பேட்டில் கண்டிப்பாக இடம்பெற வேண்டிய தகவல் இது. எங்களுக்குத் தந்த குறிப்பேட்டில் உணவகங்களின் பட்டியல் இருந்தது, இது இல்லை.

ஹுவாத்துக்குத் தென்கிழக்கே உள்ள ஹொயெதிக் இன்னும் சிறியது. இரண்டரை கிலோமீட்டர் நீளம்தான். ஆர்கோல் என்னும் அதன் துறையில் பெரிய மிதவை ஒன்றில் பல படகுகள் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து கட்டிக்கொள்கின்றன. தனிமை தேடி வந்தவருக்கு அது ஒத்துவராது. ஜூலை, ஆகஸ்டில் அத்துறையைத் தவிர்த்துவிடலாம்.

மொர்பியான் உள்வளைகுடா வேறோர் உலகம். போர் நவலோ கலங்கரை விளக்கத்துக்கும் எதிர்க்கரை முனைக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவே உள்ள வாய் வழியாக, நாற்பதுக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்த நீர்ப்பரப்பு முழுவதும் நாளுக்கு இருமுறை நிரம்பி இருமுறை வடிகிறது. பெர்தேர் தீவை ஒட்டிய ஒடுக்கத்தில் பெரு ஓத நாளில் நீரோட்டத்தின் வேகம் 8 நாட் அளவையும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டும். வாடகைப் படகின் எந்திரம் முழு வேகத்தில் தருவது 6 நாட். ஆகவே அங்கே எதிர்த்துப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறும் நீரோடு உள்ளே போகலாம், வடியும் நீரோடு வெளியே வரலாம். ஆடிப்பெருக்கில் காவிரி மதகை ஒட்டிச் சுழித்துப் புடைப்பது போல, அலையே இல்லாத நீர் அங்கே உருண்டு திரண்டு ஓடுகிறது. படகு நகர்வதாகத் தோன்றுவதில்லை, கரைதான் பக்கவாட்டில் ஓடுகிறது. நாங்கள் கெழு எண் 50ஐச் சுற்றியிருந்த நாளைத் தேர்ந்து, ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் நுழைந்தோம். வடியும் நீரும் எதிர்க்காற்றும் மோதும் நாளில் வாயில் எழும் செங்குத்து அலைகளைப் பார்த்தவர், இந்த நேரக் கணக்கைச் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டார்.

உள்ளே நுழைந்ததும், ஆறாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட கல்லறைக் குன்று உள்ள காவ்ரினிஸ் தீவும், அதற்கு அருகே எர் லானிக் என்னும் சிறுதீவும் இடப்பக்கம் கடந்து செல்கின்றன. எர் லானிக் தீவின் நெடுங்கல் வட்டங்களில் ஒன்று, கல் நட்ட காலத்துக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்ததால் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கிவிட்டது. பாய் விரித்த படகிலிருந்து அதன் கரையில் எஞ்சிய கற்களைப் பார்ப்பது எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத அனுபவம். காவ்ரினிஸில் நம் படகைக் கொண்டு இறங்க அனுமதியில்லை. லார்மோர் பாதென் ஊரிலிருந்து வழிகாட்டியுடன் செல்லும் படகில்தான் போகவேண்டும். ஈல்-ஓ-முவான் தீவில் மிதவையில் கட்டிக்கொண்டால், பருவகாலத்தில் துறைப்படகே வந்து கரைக்கு அழைத்துச் செல்கிறது. எங்கள் ரப்பர்ப் படகு எந்திரத்தின் குணத்தை நினைத்தால், வாரம் முழுவதிலும் நான் மனமார வாழ்த்திய சேவை அதுதான்.

துறைமுகச் சேவையைப் பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால், பிரெஞ்சுத் துறைகள் அனைத்தும் வானொலியில் 9ஆம் அலைவரிசையில் பேசுகின்றன. நுழைவதற்கு முன் அழைத்தால் எந்த மிதவை, எந்த வரிசை என்று சொல்லிவிடுவார்கள். உடைந்த பிரெஞ்சு போதும், ஆனால் முதலில் வணக்கம் சொல்லவேண்டும். எங்கள் படகுக்கு இரவொன்றுக்கு நடைமேடை என்றால் 30 யூரோவை ஒட்டியும், மிதவை என்றால் அதைவிடக் குறைவாகவும் வாங்கினார்கள். குளியலறை சில இடங்களில் அதனுள் அடக்கம், சில இடங்களில் அதற்குத் தனி டோக்கன். வானிலை அறிக்கை ஒவ்வொரு காலையும் அலுவலகக் கதவில் ஒட்டப்படுகிறது. ஆபத்துக்காலத்தில் வானொலியின் 16ஆம் அலைவரிசை, அல்லது கைப்பேசியில் 196. இரண்டையும் ஏற்பது இந்தக் கரைக்குப் பொறுப்பான ஏத்தெல் மீட்பு மையம். கடலுக்குள் வரும் மீட்புப் படகுகளை ஓட்டுவோர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள் என்பதால், துறையில் அவர்களுடைய உண்டியலைக் கண்டால் ஏதேனும் போட்டுவிட்டு வருவது முறை.

சாப்பாடு. தீவுகளில் உள்ள மளிகைக் கடைகள் சிறியவை, விலை கூடுதல். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் ஆகியவற்றைப் பெருநிலப்பரப்பிலேயே வாங்கிக்கொண்டால் படகின் இரட்டை அடுப்பில் இருவருக்கான சமையல் சிரமம் இல்லை. கடல் உணவு உண்பவருக்குக் கிராக் ஆற்றின் சிப்பியும், கிபெரோனில் டப்பாவில் அடைக்கும் மத்தியும் போதும். 1932இல் கிபெரோனில் தொடங்கிய லா பெல்-இலுவாஸ் நிறுவனத்தின் மிளகாய் சேர்த்த மத்தி டப்பாக்கள், சோற்றுக்கு அருமையான துணை. சைவ உணவினருக்கு உணவகங்களில் பக்வீட் மாவில் சுட்டு முட்டை, பாலாடைக்கட்டி, காளான் வைத்து மடிக்கும் காலெத் எங்கும் கிடைக்கும். முட்டையும் உண்ணாதவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் அடுக்கடுக்காக உருகிய குயின் அமன் என்னும் பண்டத்தை இருவர் சேர்ந்தே ஒரு துண்டைத்தான் முடிக்க இயலும்.

செலவுக் கணக்கு இவ்வாறு. ஜூனில் எங்கள் படகின் வார வாடகை 1,500 யூரோவுக்குச் சற்றுக் கூடுதல். ஆகஸ்டில் அதே படகுக்குப் பட்டியலில் இருந்த விலை அதைவிடக் கணிசமாக உயர்வு. இதன்மேல் படுக்கைத்துணி, இறுதித் தூய்மைப் பணி, ரப்பர்ப் படகின் எந்திரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். சரியாக ஓடாத எந்திரத்துக்குத் தனி வாடகை வாங்கியதுதான் எனக்கு இருந்த ஒரே கசப்பு. திரும்பியதும் சொன்னோம், குறித்துக்கொண்டார்கள், பணம் திரும்பவில்லை. பிணையத்தொகையாகக் கடன் அட்டையில் நிறுத்திவைத்த 2,000 யூரோவை விடுவிப்பதில் தாமதம் செய்யவில்லை. அமரத்தில் முன்பே இருந்த கீறல் ஒன்றைக் கையளிப்பு நாளில் என் மனைவி படம் எடுத்து வைத்திருந்தது அங்கே உதவியது. திரும்பிய நாளில் படகைச் சோதித்தவர் வேறொருவர், அவர் அக்கீறலின் மேல் விரலை வைத்துவிட்டுத்தான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

நீச்சல் தெரியாதவர், படகு சாய்ந்து ஓடுவதையே விபத்தாகக் கருதுபவர், குளியலுக்கு நாள்தோறும் வெந்நீர் தாராளமாக வேண்டுபவர் ஆகியோருக்கு இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். படகில் வெந்நீர் என்பது எந்திரம் ஓடினால் அல்லது கரை மின்சாரத்தில் இணைத்தால் மட்டுமே உண்டு, மிதவையில் கழியும் இரவுகளில் இரண்டும் இல்லை. சிறு குழந்தைகளுடன் செல்வோர் தீவுகளைவிட்டு, கிபெரோனின் போர் அலிகன் போன்ற நடைமேடை உள்ள துறைகளில் தங்குவது நலம். இரண்டு வாரம் கிடைப்பவர் மேற்கே குரோவா தீவு வழியாகப் போர் லூயி வரை செல்லலாம். அங்குள்ள கோட்டைக்குள் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது, சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் அந்நீர்வழியாகத்தான் பிரான்சுக்குள் சென்றன. ஒரு வாரத்தில் அதைத் திணிக்க வேண்டாம். ஜூன் அல்லது செப்டம்பரில் முன்பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போதே அவ்வார ஓத அட்டவணையைப் பார்த்து, சனிக்கிழமை திரும்பும் நேரம் மொர்பியான் வாயில் நீர் வெளியேறும் நேரத்தோடு பொருந்துகிறதா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பொருந்தவில்லையென்றால் உள்வளைகுடாவை வாரத்தின் தொடக்கத்தில் முடித்துவிட்டு, கடைசி இரவை ஹுவாத்திலோ போர் அலிகனிலோ கழிக்கலாம். எரிபொருள் நிரப்பும் இடத்தில் சனிக்கிழமை காலை எல்லா வாடகைப் படகுகளும் வரிசையில் நிற்கும். வெள்ளி மாலையே நிரப்பிவிடுங்கள்.